மீசைக்கண்ணரின் இடது கண்

மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போகிறவர்கள் முன்பக்கத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள். வரிசையாக ஃபிரேம்கள், பக்கத்தில் நிலைக்கண்ணாடி, எதை மாட்டிக்கொண்டாலும் "உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்று சொல்வதற்காகவே சம்பளம் வாங்கும் ஒரு பெண். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் ஒரு கதவு இருக்கிறது. கதவைத் தாண்டினால் சுவரைப் பார்த்துப் போட்ட மேசை, சாணைச் சக்கரம், அதன் முன்னால் ஒரு ஆள். அவரை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. லென்ஸ் என்ன, தானாகவே நடந்துபோய் ஃபிரேமுக்குள் உட்கார்ந்துகொள்கிறதா?

அவர்தான் நம்ம ஆள். வட்டமாக வருகிற லென்ஸை ஃபிரேமின் வடிவத்துக்குத் தேய்த்துப் பொருத்துவது அவர் வேலை. தண்ணீர் சொட்டச் சொட்டச் சக்கரம் சுற்றும். லென்ஸின் ஓரத்திலிருந்து வெள்ளைக் குழம்பு வழியும். நடுநடுவே நிறுத்தி, விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். கீழ்ப்பாதி ஃபிரேம் இல்லாத கண்ணாடி என்றால் விளிம்பைச் சுற்றி மெல்லிய பள்ளமாகக் காடி வெட்டி, நைலான் நூலை இழுத்துக் கட்ட வேண்டும். கொஞ்சம் ஆத்திரப்பட்டு இழுத்தால் ஓரம் பெயர்ந்து லென்ஸ் குப்பைக்குப் போகும். இவர் ஆத்திரப்படுகிற ஆள் இல்லை. காலையில் உள்ளே போனால் சாயங்காலம்தான் வெளியே வருவார். நடுவில் முதலாளி கதவைத் திறந்து "அண்ணே, அந்தத் தங்க ஃபிரேம் ஆச்சா?" என்பார். இவர் "ஆச்சு" என்பார். அன்றைக்குப் பேசியது அவ்வளவுதான் என்று ஆகிவிடுகிற நாட்கள் நிறைய உண்டு.

பள்ளிக்கூடத்தில் இவருக்கு மீசைக்கண்ணன் என்று பெயர். வைத்தவன் எவனோ பெரிய ரசிகன். பிறக்கும்போதே இவருடைய இடது கண்ணில், கருவிழியும் வெள்ளையும் சேருகிற கீழ் ஓரத்தில், அரிசிமணியைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு வெளிறிய மேடு இருந்தது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மற்றப் பையன்களுக்கு மேலுதட்டில் அரும்பிய வயதில், இவருக்கு அந்த மேட்டிலும் அரும்பியது. ஒரே ஒரு முடி, சில சமயம் இரண்டு; இமை முடி மாதிரியே கறுப்பாக, வளைந்து. பையன்களுக்குக் கேட்கவா வேண்டும்? இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டதால், நாம் மரியாதை சேர்த்து மீசைக்கண்ணர் என்று சொல்லிக்கொள்வோம். கடையில் யாருக்கும் இந்தப் பெயர் தெரியாது. நீங்களும் போய்ச் சொல்லிவைக்காதீர்கள்.

கண்ணில் தூசி விழுந்தாலே நாம் குதிக்கிறோம். அந்தத் தூசி அங்கேயே வீடு கட்டிக் குடியிருந்தால் எப்படி இருக்கும்? முடி வளர வளர, இமைக்கும்போதெல்லாம் உறுத்தும், நீர் வடியும், கண் சிவந்துபோகும். பிடுங்கிப் போட்டால் சில வாரம் நிம்மதி. பிறகு மறுபடியும் தலைகாட்டும். தானே பிடுங்கலாம் என்று நிலைக்கண்ணாடி முன்னால் நின்று எத்தனையோ தடவை முயற்சி செய்தார். இடுக்கி கிட்டே வந்ததும் கண் பட்டென்று மூடிக்கொள்ளும். முடியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கிள்ளினார். அதற்கு வேறொரு ஆளின் கை வேண்டியிருந்தது. ரொம்ப நாள் அது அம்மாவின் கையாக இருந்தது. அம்மா போன பிறகு அக்காவின் கை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கடையின் முன்பக்க அறைக்கு வாரத்தில் சில நாள் ஒரு கண் டாக்டரம்மா வந்துபோகிறார். பெரிதாகக் காட்டும் கருவி அவர் மேசையிலேயே இருக்கிறது. அரை நிமிஷத்தில் பிடுங்கிப் போட்டுவிடுவார். அவரே கேட்டும் பார்த்தார்.

"வேணாம் டாக்டர். அக்கா எடுத்துருவாங்க" என்று சொல்லி மீசைக்கண்ணர் நழுவிவிட்டார்.

ஏன் நழுவினார் என்றால், அந்த முடி ஒன்றுதான் அக்காவை இவர் வீட்டுக்கு வரவைத்தது. அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளாமல் போய் வருஷக்கணக்காகிறது.

காரணம் ஒரு சம்பந்தம். அம்மா போன பிறகு, தம்பி தனிமரமாக நிற்கக் கூடாது என்று அக்காதான் அலைந்து திரிந்து ஒரு இடம் பார்த்தாள். பெண் வீட்டார் கண்ணைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். "அது ஒண்ணுமில்ல, கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்துருவோம்" என்று அக்கா வாக்குக் கொடுத்துவிட்டாள். இவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாரும் கூடியிருக்கும்போது பெண்ணின் அப்பா "எப்போ ஆபரேஷன் வச்சிருக்கீங்க?" என்று கேட்க, இவர் "எடுக்கற எண்ணமே எனக்கு இல்லையே" என்று சொல்லிவிட்டார். பேச்சு அங்கேயே முறிந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் அக்கா பொரிந்து தள்ளினாள். கடைசியில், "காலம் பூரா உன் கண்ணப் புடிச்சுக்கிட்டு உக்காரணும்னு என் தலையில எழுதியிருக்கா?" என்றாள். "பாரமா இருந்தா வராதே" என்றார் இவர்.

அவள் வந்தாள். அடுத்த மாதமே வந்தாள். ஆனால் கண்ணுக்கு வேண்டிய ஒன்றிரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. இவரும் பேசவில்லை. இரண்டு பேருக்கும் பிடிவாதம் ஒரே அச்சு. ஒருவர் இறங்கி வந்தால் குடிமுழுகிப் போய்விடும் என்கிற மாதிரி இருந்தார்கள்.

கண் உறுத்த ஆரம்பித்ததும் இவர் அக்காவின் எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வந்துவிடுவாள். கதவைத் திறந்துவைத்துவிட்டு இவர் ஜன்னல் பக்கம் தலைவைத்துக் கட்டிலில் படுத்திருப்பார். அவள் பையை வைத்து, கையைக் கழுவி, தலைமாட்டில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வாள். "மேல பாரு" என்பாள். "சிமிட்டாதே" என்பாள். இடது கையின் இரண்டு விரல்கள் இமைகளைப் பிரித்துப் பிடிக்கும். கடையிலிருந்து இவர் கொண்டுவந்து வைத்திருக்கும் மெல்லிய இடுக்கி வலது கையில். சுருக்கென்று ஒரு இழுப்பு. "வந்துடுச்சு." இடுக்கியை ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தடவை தூக்கிப் பார்ப்பாள், பஞ்சில் துடைப்பாள், பையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். டீ வேண்டுமா என்று இவர் கேட்டதில்லை. ஃபிளாஸ்கில் போட்டு வைத்திருப்பார், அவ்வளவுதான். அவள் போன பிறகு அதைத் தானே குடிப்பார்.

அந்த விரல்களின் சூடு நெற்றியோரத்தில் கொஞ்ச நேரம் இருக்கும். வேறு யாரும் இவரைத் தொடுவதில்லை. இதை இவர் வெளியே சொல்லமாட்டார், நான்தான் சொல்கிறேன்.

கொஞ்ச காலமாகவே "வந்துடுச்சு" என்று அவள் சொன்ன பிறகும் உறுத்தல் அப்படியே இருந்தது. பிடுங்கின இடம் எரிகிறது போல என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டார். இன்னும் இருக்கிறது என்று சொன்னால் அவள் மனசு சங்கடப்படும். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இடுக்கி நழுவி கருவிழியின் ஓரத்தில் கீறிவிட்டது. இவர் துள்ளவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். தான்தான் சிமிட்டிவிட்டதாக நினைத்தார். அக்காவின் கை ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு வழக்கம்போல "வந்துடுச்சு" என்றாள். குரல் மட்டும் கம்மியிருந்தது.

மறுநாள் வேலை செய்ய முடியவில்லை. கண்ணைத் திறந்தால் நீர் கொட்டியது. முதலாளி பார்த்துவிட்டு, கையைப் பிடித்து இழுக்காத குறையாக முன்பக்க அறையில் கொண்டுபோய் உட்காரவைத்தார். டாக்டரம்மா கருவியில் பார்த்தார், கீறலைக் காட்டும் மஞ்சள் மருந்து விட்டுப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"நல்ல வேளை, ஓரமாப் போச்சு. இதே கீறல் நடுவுல பட்டிருந்தா தழும்பு நிக்கும். அப்புறம் நீங்க லென்ஸ் பாக்கற வேலைய மறந்துட வேண்டியதுதான்."

"இது என்ன டாக்டர், புத்துநோயா?" இத்தனை வருஷத்தில் இதைக் கேட்க இவருக்கு இப்போதுதான் தைரியம் வந்தது.

"சேச்சே. நல்ல கட்டிதான். வயித்துல நீங்க உருவாகும்போது, கன்னத்துக்கோ எங்கயோ போகவேண்டிய தோல் கொஞ்சம் வழி தப்பிக் கண்ணுல ஒட்டிக்கிச்சு. தோலுன்னா அதுல முடி முளைக்கத்தானே செய்யும்? ஆள ஒண்ணும் பண்ணாது. ஆனா முடி வரும், கீறல் விழும், திரும்ப வரும். வேரோட எடுத்துட்டா ஒரே நாள்ல முடிஞ்சு போற விஷயம். மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு மணி நேரம்கூட ஆகாது. எதுக்கு இத்தன வருஷமா வச்சுக்கிட்டு இருக்கீங்க?"

நல்ல கேள்வி. மீசைக்கண்ணர் பிடிகொடுக்காமல் எழுந்து பின்பக்கம் போய்விட்டார்.

கீறல் ஆறும்வரை யோசித்தார். கட்டி போனால் முடி போகும். முடி போனால் அக்கா போவாள். அது நிச்சயம். மிஸ்டு கால் கொடுக்க வேறு என்ன சாக்கு இருக்கிறது? ஆனால் இன்னொரு பக்கமும் இருந்தது. அடுத்த தடவை இடுக்கி நடுவில் பட்டால் கண் இவருடையதுதான், பாவம் அக்காவுடையது ஆகிவிடும். தம்பி கண்ணைக் குத்திவிட்டேன் என்று அவள் சாகிறவரை அழுவாள். வாயால் சண்டை போடுகிறவள்தான், மனசு அவளுக்கு அப்படிப்பட்டதில்லை. அவள் வராமல் போனாலும் சரி, அந்தப் பழி அவள்மேல் விழக் கூடாது என்று முடிவுக்கு வந்தார். சொல்லிவிட்டுச் செய்யலாம் என்று அக்காவின் எண்ணை அழுத்தினார். மணி அடிப்பதற்குள் கை தானாகவே நிறுத்திவிட்டது.

ஆபரேஷனுக்குத் துணைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். முதலாளி வந்தார். கையெழுத்துப் போட்டார், ஃபோன் பேசிக்கொண்டே வராந்தாவில் நடந்தார். நல்ல மனுஷன்தான், கடையில் கூட்டம். உள்ளே மீசைக்கண்ணரைப் படுக்கவைத்து, முகத்தின்மேல் ஓட்டை போட்ட துணியைப் போர்த்தினார்கள். கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி. இமைகளைக் கம்பிக் கவ்வி பிரித்துப் பிடித்துக்கொண்டது. அதில் சூடு இல்லை. மேலே வெள்ளை வெளிச்சம், அதற்குள் நிழல் மாதிரி அசைகிற விரல்கள். வலி இல்லை, ஏதோ சுரண்டுகிற, இழுக்கிற உணர்ச்சி மட்டும். யாரும் மேலே பார்க்கச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவை இல்லாதபடி கண்ணையே மரக்கவைத்துவிட்டார்களே.

"கட்டிய எடுத்தாச்சு. அந்தப் பள்ளத்த மூட ஒரு சவ்வு வைக்கிறேன்" என்று துணிக்கு அந்தப் பக்கமிருந்து டாக்டரம்மாவின் குரல் கேட்டது. "குழந்தையச் சுத்தி வயித்துக்குள்ள ஒரு சவ்வு இருக்கும்ல, அது. யாரோ ஒரு அம்மா பிரசவத்தப்போ குடுத்தது."

யாரோ ஒரு அம்மா. மீசைக்கண்ணருக்கு வலது கண்ணில் நீர் வழிந்து காதுக்குள் போனது. துடைக்கக் கையை எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

வெட்டியதைச் சோதனைக்கு அனுப்பினார்கள். தோல், மயிர்க்கால், கொஞ்சம் கொழுப்பு. கெட்டது எதுவும் இல்லை என்று சில நாளில் பதில் வந்தது. ஆபரேஷன் அன்றே முதலாளி வாடகை வண்டியில் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "ரெஸ்ட் எடுங்கண்ணே, ஒரு வாரம் கடைப் பக்கமே வரக்கூடாது" என்றார். ஒரு வாரம் அந்த ஒற்றை அறையில் இவர் எப்படி இருந்தார் என்று கேட்காதீர்கள். சொட்டு மருந்து விடுவதுதான் பெரிய பாடு. தனக்குத் தானே விட்டுக்கொண்டால் ஒன்று நெற்றியில் விழும், இல்லையென்றால் மூக்கில் விழும். கண்ணுக்குள் ஒரு சொட்டு போவதற்குக் கன்னமெல்லாம் நனைந்துவிடும். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டலாமா என்று ஒருநாள் எழுந்து போனார். அவர்கள் பெயர்கூடத் தெரியாது என்று நினைவு வந்து திரும்பிவிட்டார்.

கண் ஆறியது. சிவப்பும் வடிந்தது. நிலைக்கண்ணாடியில் பார்த்தால் இரண்டு கண்ணும் ஒரே மாதிரி. எதிரில் யாரோ தெரியாத ஆள் நிற்பது போலிருந்தது. உறுத்தல் இல்லை, நீர் இல்லை. மாதம் ஒன்று போனது, இன்னொன்றும் போனது. ஃபோன் மேசைமேல் கிடந்தது. அக்காவும் கூப்பிடவில்லை. என்னடா, இத்தனை நாளாகியும் தம்பியிடமிருந்து மிஸ்டு கால் வரவில்லையே என்று நினைக்கமாட்டாளா? நினைத்தாலும் கேட்கமாட்டாள். அச்சு அப்படி.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், கண்ணில் ஒன்றுமே இல்லாத மனுஷன் மிஸ்டு கால் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று வாசலிலேயே நின்றிருந்தார். அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்க் கையைக் கழுவினாள், நாற்காலியை இழுத்துப் போட்டாள். பழக்கம் இருக்கிறதே, அது இவரைக் கட்டிலில் கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டது. சரி, இமையைப் பிரித்தால் அவளே பார்க்கப் போகிறாள், திட்டப் போகிறாள், அப்போது பேசிக்கொள்ளலாம் என்று மேலே பார்த்தார்.

விரல்கள் இமையைப் பிரித்தன. அக்கா குனிந்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. இடுக்கி இறங்கியது. கண்ணைத் தொடவே இல்லை. அதற்கு மேலேயே, காற்றில், ஒரு சின்ன இழுப்பு.

"வந்துடுச்சு" என்றாள் அக்கா. இடுக்கியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பஞ்சில் துடைத்தாள்.

மீசைக்கண்ணர் சட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

"அக்கா."

அந்த வார்த்தை இவர் வாயிலிருந்து வந்து எத்தனை காலம்! பையைத் தேடிக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

"எத எடுத்த?"

"முடியத்தான்."

"எங்க இருந்துச்சு?"

"எங்க இருக்கும்? கட்டி மேலதான்."

"கட்டியே இல்லக்கா. அத வெட்டி எடுத்து ரெண்டு மாசம் ஆச்சு."

அக்கா கிட்டே வந்தாள். முகத்தைச் சாய்த்து, இப்படியும் அப்படியும் திருப்பி, இவர் முகத்தில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள். அப்போதும் தெரியவில்லை என்பது இவருக்குத் தெரிந்தது. பிறகு ஆரம்பித்தாள். அடக்கி வைத்திருந்த வருஷங்களுக்கெல்லாம் சேர்த்து ஆரம்பித்தாள்.

"கண்ணுல கத்தி வச்சிருக்காங்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலல்ல? நாளைக்கு நீ செத்துக் கிடந்தாலும் எவனாவது வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியணும், அப்படித்தானே?"

"உனக்கு எவ்வளவு நாளா கண்ணு தெரியல?"

"எனக்கு என்ன கேடு? நல்லாத்தான் தெரியுது."

"அப்ப இது எத்தன விரலு?"

"விரல ஒடிச்சுருவேன்!" என்றாள் அக்கா. பிறகு பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். "போன தடவ குத்திட்டேன்ல? கையில தெரிஞ்சுது. அன்னைலேர்ந்து சரியாத் தூக்கமில்ல. இந்தத் தடவ தொடவே கூடாதுன்னுதான் வந்தேன்."

"தெரியலன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீ டாக்டர்கிட்ட போயிருவே. அப்புறம் நான் எதுக்கு?"

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் திரும்பி, "அதான் ஒண்ணுமில்லையே, பின்ன எதுக்குடா என்னக் கூப்பிட்ட?" என்று கேட்டாள்.

பதில் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா? "கடையில டாக்டர் இருக்காங்க, வா, காட்டலாம்" என்றார். இடித்து வைத்த புளி மாதிரி நின்றுகொண்டு இதைச் சொன்னார்.

"உன் டாக்டர நீயே வச்சுக்க" என்று அக்கா படியிறங்கிப் போய்விட்டாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தார். நடைபாதையின் விளிம்பில் அவள் நின்றாள். ஒரு காலை முன்னால் நீட்டி, தரை எங்கே இருக்கிறது என்று துழாவினாள். பிறகு இறங்கினாள். வண்டி ஒன்று ஹாரன் அடித்தது. இத்தனை வருஷமும் அவள் இப்படித்தான் வந்துபோயிருக்கிறாளா? கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து ஊரிலுள்ளவன் கண்ணுக்கெல்லாம் லென்ஸ் தேய்த்தவர், தன் அக்காவின் கண்ணை ஒரு தடவை பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார்? அவள் குனியும்போதெல்லாம் இவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாரே. வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

பஸ் நிறுத்தத்தில் கூரை இல்லை. நல்ல வெயில். அக்கா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையைப் புருவத்துக்கு மேல் வைத்துக்கொண்டு நின்றாள். இவர் மூச்சு வாங்கப் பக்கத்தில் போய் நின்றார். திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் திரும்பினாள். நேருக்கு நேர் பார்த்தாள். வெளிச்சத்தில் அவளுடைய இரண்டு கண்ணின் நடுவிலும் பழுப்பு வெள்ளையாய்த் திரை படிந்திருந்தது.

"சார், நாலாம் நம்பர் பஸ் வந்தா கொஞ்சம் சொல்றீங்களா? வெயில்ல கண்ணு கூசுது, போர்டு தெரியல" என்றாள்.

இவ்வளவு மெதுவாக, இவ்வளவு பிரியமாக அக்கா இவரிடம் பேசி எத்தனை வருஷம் ஆகியிருக்கும்! வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். திறக்காவிட்டால் அவள் ஏறிப் போய்விடுவாள், இனி மிஸ்டு காலுக்கும் வரமாட்டாள். தெருமுனையில் பஸ் திரும்புவது தெரிந்தது.

"நாலாம் நம்பர் வருதுக்கா" என்றார். "உன்னப் பாக்கணும்னுதான் கூப்பிட்டேன். வேற ஒண்ணுமில்ல."

அக்கா அசையவில்லை. பஸ் வந்து நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். அவள் கம்பத்தை விட்டுவிட்டுக் கையை நீட்டினாள். இவர் நிற்கிற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி நீட்டினாள். இவர் நகர்ந்து போய், அந்தக் கை இருந்த இடத்தில் நின்றுகொண்டார்.